நாயுண்ணியை ஆய்வு செய்வது எப்படி? மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாகரையிலிருந்து பொத்துவில் வரை எந்த வீதியில் போனாலும் நாயுண்ணிப் பற்றை கண்ணில் படும். வேலியோரம், குளக்கட்டு, கைவிட்ட காணி என்று அது பிடிக்காத இடமில்லை. உயர்தர உயிரியல் செயற்றிட்டத்துக்கோ, இறுதியாண்டு ஆய்வுக்கோ, பாடசாலைச் சுற்றாடல் கழகத்தின் வேலைக்கோ இதைவிட மலிவான செடி கிடைக்காது. பிடுங்கினால் யாரும் ஏசப் போவதும் இல்லை.

மலிவாகக் கிடைப்பதாலேயே இதைப் பற்றிய கட்டுரைகளும் உலகெங்கும் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் நிறையவே இரண்டு இடங்களில் வழுக்குகின்றன. கையிலெடுத்தது எந்தச் செடி என்பதற்குச் சான்று வைப்பதில்லை. கிடைத்த விளைவை எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதும் தெளிவில்லை. விலையுயர்ந்த கருவி இல்லாத ஒரு பாடசாலை ஆய்வுகூடத்திலும் இந்த இரண்டையும் சரியாகச் செய்ய முடியும். கீழே வருகிற எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

நாயுண்ணியின் அறிவியல் பெயர் லன்டானா கமாரா. தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. பூவின் அழகுக்காக ஐரோப்பியர் இதைக் கொண்டுபோய்க் கண்ணாடி வீடுகளில் வளர்த்தார்கள், ஒன்றோடொன்று கலந்து புதுப்புது வகைகளை உண்டாக்கினார்கள். இன்று காடு கரையெங்கும் நிற்பது அந்தக் கலப்புகளின் சந்ததி. இலங்கைக்கு 1826ஆம் ஆண்டளவில் பேராதனைத் தாவரவியல் பூங்கா வழியாக வந்தது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலிலும் இருக்கிறது.

இலங்கைக்கு வந்த அந்த 1826ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாயுண்ணி பழைய ஏட்டுச் சுவடியில் இருக்கிறது, சித்தர்கள் பாடியிருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், அது வேறு செடியாக இருக்க வேண்டும். பெரும்பாலும் நாயுருவியாக இருக்கும். அது முற்றிலும் வேறு குடும்பத்துச் செடி, சித்த மருத்துவத்தில் பெயர்பெற்ற மூலிகை. இணையத்தில் நாயுருவியின் பயன்களை நாயுண்ணியின் தலையில் கட்டிவிட்ட பதிவுகளும் உலாவுகின்றன. நாயுண்ணியின் இலையைக் காயத்துக்கும் சொறி சிரங்குக்கும் போடும் கைவைத்தியம் நம்மிடையே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் வயது 200 ஆண்டுகளுக்குள்தான்.

முதல் படி: கேள்வியைச் சுருக்குங்கள்

"நாயுண்ணியின் மருத்துவக் குணங்கள்" என்பது ஆய்வுத் தலைப்பு அல்ல. மூன்று மாதத்தில், ஒரு மோட்டார் சைக்கிள் போகிற தூரத்தில், ஒரு மேசையில் விடை காணக்கூடிய கேள்விதான் உங்களுக்கு வேண்டும். சில மாதிரிகள்:

நாயுண்ணிப் பற்றைக்குக் கீழே முளைக்கும் செடிவகைகள், அதே உயர உள்நாட்டுக் கிளாப் பற்றைக்குக் கீழே முளைப்பவற்றைவிடக் குறைவா?

நாயுண்ணி இலைச்சாறு பயறு விதையின் முளைப்பைத் தடுக்கிறதா? எந்தச் செறிவில்?

மாட்டுப்பட்டிகளை மேய்ச்சல் தரைக்கு இடம்மாற்றும் காலத்தில் மாடுகள் நாயுண்ணியைத் தின்கின்றனவா?

மூன்றுமே நம் மாவட்டங்களுக்குச் சொந்தமான கேள்விகள். நுண்ணுயிரைக் கொல்கிறதா, புற்றுநோய்க் கலத்தைக் கொல்கிறதா என்ற கேள்விகளை வசதியுள்ள ஆய்வுகூடங்கள் ஏற்கெனவே போதுமான அளவு கேட்டுவிட்டன. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நாயுண்ணிக்குக் கீழே என்ன முளைக்கிறது என்பதைப் படுவான்கரையில் இருப்பவர்தான் எண்ண முடியும்.

இரண்டாம் படி: சான்று மாதிரி

சான்று மாதிரி என்றால், ஆய்வுக்கு எடுத்த செடி எது என்பதைக் காட்டக் காயவைத்துச் சேமிக்கும் கிளை. இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். லன்டானா கமாரா என்பது ஒரே அச்சில் வார்த்த இனமல்ல, நூற்றுக்கணக்கான வகைகளின் கூட்டம். நிறமூர்த்த எண்ணிக்கைகூட வகைக்கு வகை மாறும். சில வகைகள் மாட்டுக்குக் கடும் நஞ்சு, சில அவ்வளவு இல்லை. இலையிலுள்ள வாசனை எண்ணெயின் சேர்மானமும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஆகவே "நாயுண்ணி இலையை எடுத்தோம்" என்று மட்டும் எழுதினால் இன்னொருவர் உங்கள் சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க வழியில்லை.

அடையாளத்தை இப்படிச் சரிபாருங்கள். தண்டு நான்கு பக்கமுள்ளது, பின்னோக்கி வளைந்த சிறு முட்கள் இருக்கும். இலைகள் எதிரெதிராக, விளிம்பில் பற்களோடு, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். கசக்கினால் மூக்கில் ஏறும் ஒரு காரமான வாடை. பூக்கள் தட்டையான கொத்தாக வரும், காய்கள் பச்சையிலிருந்து கருநீலமாக மாறும்.

பூக்கொத்தைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள். வெளிவளையப் பூக்கள் முதலில் விரிந்து, பிறகு உள்ளே உள்ளே விரிந்துகொண்டு போகும். புதிதாக விரிந்த பூ மஞ்சள், பழையது செம்மஞ்சளோ இளஞ்சிவப்போ. மகரந்தச் சேர்க்கை நடந்ததும் இந்த நிறமாற்றம் தொடங்குகிறது என்று இந்திய ஆய்வாளர்கள் 1984இல் காட்டினார்கள். தேன் இருக்கும் மஞ்சள் பூக்களைத்தான் பூச்சிகள் நாடிப் போகின்றன. ஒரு கொத்தின் காம்பில் நூல் கட்டி, காலையும் மாலையும் ஃபோனில் படமெடுத்துப் பாருங்கள். தனி ஆய்வாகச் செய்யக்கூட இது போதும், செலவு ஒரு நூல்தான்.

இப்போது மாதிரியை எடுங்கள். பூவும் காயும் இலையும் உள்ள, ஏறக்குறைய 30 செ.மீ. நீளக் கிளைகள் மூன்று. பத்திரிகைத் தாளுக்கு நடுவே இலைகளை விரித்து வையுங்கள். ஓரிரு இலைகளின் அடிப்பக்கம் மேலே தெரிய வேண்டும். மேலே பாரம் வைத்து, தாளைத் தினமும் மாற்றுங்கள். கார்த்திகை மார்கழி மழையில் நாளுக்கு இரண்டு முறை மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்த கிளையைத் தடித்த வெள்ளை அட்டையில் நூலால் தைத்துச் சீட்டு ஒட்டுங்கள்: இடம், ஜிபிஎஸ் எண், திகதி, சேகரித்தவர் பெயர், செடியின் உயரம், சூழல், பூவின் நிறம். காய்ந்தபின் நிறம் போய்விடும் என்பதால் பூ நிறத்தை அங்கேயே, அப்போதே எழுதுங்கள்.

ஒரு அட்டை உங்களிடம். இரண்டாவது, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ சம்மாந்துறையில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ உங்களுக்கு வழிகாட்டும் தாவரவியல் ஆசிரியரிடம். மூன்றாவதைப் பேராதனையிலுள்ள தேசிய தாவரச் சேகரிப்பில் ஒப்பிட்டுப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

மூன்றாம் படி: களத்தில் எண்ணுதல்

கல் ஓயா, லகுகல, குமண போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் ஆய்வு செய்வதென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து அனுமதி வேண்டும். அரச காடென்றால் வனத் திணைக்களத்தின் அனுமதி. மாணவருக்கு நான் சொல்வது, பாடசாலைக் காணியிலோ தெரிந்தவரின் தோட்டத்திலோ தொடங்குங்கள் என்பதுதான். யானை நடமாடும் எல்லைக் கிராமமென்றால் காலை எட்டு மணிக்குப் பிறகு, ஊர்க்காரர் ஒருவரோடு போங்கள். அடர்ந்த நாயுண்ணிக்குள் யானை நின்றால் மிகக் கிட்டப் போகும்வரை தெரியாது.

பிளாஸ்ரிக் குழாயில் 1 மீற்றருக்கு 1 மீற்றர் சதுரச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். 10 நாயுண்ணிப் பற்றைகளைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சட்டம் வையுங்கள், அதிலிருந்து 10 மீற்றர் தள்ளி வெளியில் இன்னொன்று வையுங்கள். சட்டத்துக்குள் எத்தனை வகைச் செடி, எத்தனை நாற்று, வெறும் மண் எத்தனை வீதம் என்று எழுதுங்கள். பெயர் தெரியாத செடிக்கு "அ", "ஆ" என்று குறியிட்டுப் படமெடுத்தால் போதும்.

இங்கேதான் ஒப்பீட்டுச் சிக்கல் வருகிறது. பற்றைக்குக் கீழே செடி குறைவு என்று கண்டுபிடித்துவிட்டு நாயுண்ணி நஞ்சு கக்குகிறது என்று எழுதிவிடுவார்கள். நிழலில் எதுவும் குறைவாகத்தான் முளைக்கும்! அதனால் அதே உயரம், அதே அடர்த்தியுள்ள உள்நாட்டுப் பற்றை ஒன்றுக்குக் கீழேயும் 10 சட்டங்கள் வைக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் கிளாப் பற்றை பொருத்தமானது. வெளி, கிளா, நாயுண்ணி என்று மூன்று நிரல்கள் வந்தால்தான் நிழலின் பங்கையும் நாயுண்ணியின் பங்கையும் பிரிக்க முடியும்.

நான்காம் படி: விதைப் பரிசோதனை

வழிகாட்டியின் நடுப்பகுதி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாயுண்ணியின் இலையிலும் வேரிலும் உள்ள பீனோல் சேர்வைகள் மற்றச் செடிகளின் முளைப்பைக் குறைக்கின்றன என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் இந்திய ஆய்வில் நாயுண்ணி இலை ஊறிய தண்ணீர், நீர்நிலைகளை மூடிப் படரும் ஆற்றுவாழையையே கொன்றது. மட்டக்களப்பு வாவிக்கரைக்காரருக்கு இது காதில் தேன் வார்க்கும் செய்தி. செய்து பார்க்க ஆசைப்பட்டால் வாளியில் செய்யுங்கள். மீனும் இறாலும் வாழும் வாவியில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

முதிர்ந்த, நோயில்லாத இலைகளை நிழலில் ஒரு கிழமை காயவைத்துப் பொடியாக்குங்கள். கையுறை போடுங்கள், முள்ளும் சுணையும் தோலை அரிக்கும். இலை அரைத்த மிக்ஸியில் திரும்பச் சமையலுக்கு அரைக்காதீர்கள். 20 கிராம் பொடியை 200 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் 24 மணிநேரம் ஊறவைத்து, துணியில் பிழிந்து, பிறகு வடிதாளில் வடியுங்கள். இது 10 வீதக் கரைசல். இதிலிருந்து 5, 2.5, 1 வீதக் கரைசல்கள் தயாரியுங்கள். 5 வீதத்துக்குப் பாதிக்குப் பாதி, 2.5க்கு ஒரு பங்கு சாறும் மூன்று பங்கு நீரும், 1க்கு ஒரு பங்கு சாறும் ஒன்பது பங்கு நீரும். வெறும் நீர் ஐந்தாவது.

பயறு நல்ல விதை. விரைவில் முளைக்கும், வேரை அளப்பது இலகு. நெல், எள்ளு, கௌபியும் எடுக்கலாம். எதை எடுத்தாலும் ஒரே பொதியிலிருந்து எடுங்கள். பெற்றிக் கிண்ணத்தில் வடிதாள் போட்டு 25 விதை வைத்து, 5 மில்லிலீற்றர் கரைசல் ஊற்றுங்கள். ஒவ்வொரு செறிவுக்கும் 4 கிண்ணம். ஐந்து செறிவுக்கும் 20 கிண்ணம், 500 விதை. பெற்றிக் கிண்ணம் இல்லாவிட்டால் மூடியுள்ள தயிர்க் கோப்பை போதும்.

இதோடு நிறுத்தினால் வழக்கமான செயற்றிட்டம் ஆகிவிடும். இன்னும் இரண்டு சேருங்கள்.

ஒன்று, வேறொரு செடியின் இலைச்சாறு. பூவரசு இலையை எடுத்து அதே முறையில் 10 வீதக் கரைசலாக்கி 4 கிண்ணத்தில் ஊற்றுங்கள். எந்த இலையையும் அவ்வளவு கெட்டியாக ஊறவைத்தால் விதைக்கு ஒத்துவராது. உப்புச்செறிவும் அமிலத்தன்மையுமே முளைப்பைக் குறைக்கலாம். பூவரசும் நாயுண்ணியும் ஒரே அளவு தடுத்தால் நாயுண்ணியிடம் தனி வித்தை எதுவும் இல்லை என்று அர்த்தம். அந்த முடிவும் முடிவுதான், வெட்கப்படாமல் எழுதுங்கள்.

மற்றது மண். வயலில் யாரும் 10 வீத இலைச்சாறு ஊற்றுவதில்லை. நாயுண்ணிக்குக் கீழிருந்தும், கிளாவுக்குக் கீழிருந்தும், வெளியிலிருந்தும் மேல்மண் 5 செ.மீ. ஆழத்துக்கு எடுத்து, அரித்து, கோப்பைகளில் போட்டுப் பயறு விதையுங்கள். கிண்ணத்தில் பெரிய விளைவும் மண்ணில் ஒன்றுமில்லாத விளைவும் வருவது இத்தகைய ஆய்வுகளில் சகஜம். அந்த இடைவெளியை விளக்க முயல்வதில்தான் உங்கள் கட்டுரையின் நல்ல பக்கம் இருக்கும்.

தினமும் ஒரே நேரத்தில், ஏழு நாளைக்கு முளைத்தவற்றை எண்ணுங்கள். வேர் 2 மில்லிமீற்றர் வெளியே வந்தால் முளைத்ததாகக் கொள்ளுங்கள். ஏழாம் நாள் வேரின் நீளத்தை அளந்து எழுதுங்கள். கிண்ணங்களில் செறிவை எழுதாமல் ஒரு சினேகிதனிடம் சொல்லி இரகசிய எண் போடச் செய்யுங்கள். எது எதுவென்று தெரிந்தால் கண் தானாகவே ஒரு பக்கம் சாயும்.

கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு செறிவுக்கும் உங்களிடம் 100 விதை இருந்தாலும், சுயாதீன மாதிரி நான்குதான். ஒரு கிண்ணத்தில் பூஞ்சணம் பிடித்தால் 25 விதையும் சேர்ந்தே கெடும். எனவே சராசரியையும் நியம விலகலையும் கிண்ணம் கிண்ணமாகக் கணித்து, நான்கு பெறுமானங்களை வைத்து ஒப்பிடுங்கள். எக்செல் போதும்.

ஐந்தாம் படி: மாட்டுக்காரரிடம் கேட்பது

நாயுண்ணியின் நஞ்சு லன்டடீன் என்ற திரிதர்ப்பீன் சேர்வைகள். ஏ, பி என்ற இரண்டு வகைகள் முக்கியமானவை. தின்ற மாட்டின் ஈரலில் பித்தம் இறங்குவது தடைப்படும். புல்லின் பச்சையம் குடலில் சிதையும்போது உண்டாகும் பைலோஎரித்திரின் என்ற பொருள் வழமையாகப் பித்தத்தோடு வெளியேறிவிடும். பித்தம் அடைபட்டால் அது இரத்தத்தில் தங்கி, தோலுக்கு வந்து, வெயில் பட்டதும் தோலை வேக வைக்கும். மூக்கு, காது, வெள்ளைத் தோல் உள்ள இடம் வெடித்துப் புண்ணாகும். கண் மஞ்சளிக்கும், சாணம் இறுகும், மாடு நிழலைத் தேடி ஒதுங்கும். ஆடும் செம்மறியும் தப்பாது. அறிகுறி கண்டால் நிழலில் கட்டி, மிருக வைத்தியரை உடனே கூப்பிட வேண்டும்.

நாயுண்ணி நிற்கும் இடத்திலேயே பிறந்து வளர்ந்த மாடு பொதுவாக அதைத் தொடாது. புதிதாகக் கொண்டுவந்த மாடும், வறட்சியில் வேறு தீனி கிடைக்காத மாடும்தான் கடிக்கும். மட்டக்களப்பில் பெரும்போக வேளாண்மை தொடங்கியதும் பட்டிகளை மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவது வழமை. இடம் மாறிய முதல் கிழமைகளில் என்ன நடக்கிறது என்று கேட்டறிவது உங்கள் ஆய்வுக்குப் பெறுமதியான தரவு.

கேட்கும் விதம் முக்கியம். "நாயுண்ணி திண்டுதானே மாடு செத்த?" என்று கேட்டால் மரியாதைக்காகவே "ஓம்" என்பார்கள். "மாமா, போன மாரியில மாடுகளுக்கு என்ன வருத்தம் வந்த?" என்று தொடங்கி, அவர் சொல்லி முடிக்கும்வரை செடியின் பெயரை எடுக்காதீர்கள். அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கமென்றால் "காக்கா" (அண்ணன்) என்று கூப்பிட்டுப் பேச்சைத் தொடங்கலாம். கடைசியில் கிளையைக் காட்டி, இதைத் தின்னக் கண்டதுண்டா என்று கேளுங்கள். பெயரையும் ஊரையும் கட்டுரையில் போடாமல் விட அவரிடம் உடன்பாடு எடுங்கள்.

பரியாரியிடம் போனாலும் இதே ஒழுங்குதான். எந்தப் பாகம், பச்சையா காய்ந்ததா, பூசவா குடிக்கவா, எத்தனை நாளைக்கு என்பவற்றை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.

ஆறாம் படி: மருந்து ஆய்வுகளை வாசித்தல்

கூகுள் ஸ்கொலரில் தேடினால் நாயுண்ணி எல்லா நோய்க்கும் மருந்து என்றே தோன்றும். ஒவ்வொரு கட்டுரையிலும் முதலில் செய்முறைப் பகுதிக்குப் போய், சான்று மாதிரி எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்கு நான் அதிக நேரம் செலவழிக்க மாட்டேன். அடுத்து அளவு. பற்றீரியாத் தட்டில் வைக்கும் நுண்ணுயிர்க்கொல்லி வில்லையில் 10 மைக்கிரோகிராம் மருந்து இருக்கும்போது, பக்கத்தில் வைத்த இலைச்சாற்று வில்லையில் பல மில்லிகிராம் இருந்தால், இரண்டையும் சுற்றி நுண்ணுயிர் வளராத வட்டம் ஒரே அகலமாக இருப்பது சமபலம் அல்ல. மெதனோலில் எடுத்த சாற்றின் பலன் வீட்டில் காய்ச்சும் கசாயத்துக்குப் பொருந்தாது. எலி ஆய்வென்றால் ஒழுக்கக் குழுவின் அனுமதி பெற்றார்களா என்று தேடுங்கள்.

கொஞ்சம் நம்பிக்கையோடு வாசிக்கக்கூடியது 1996இல் இந்தியாவில் வெளியான நுளம்பு ஆய்வு. நாயுண்ணிப் பூச்சாற்றைத் தேங்காயெண்ணெயில் கலந்து பூசியபோது டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்புகளிடமிருந்து 94.5 வீதப் பாதுகாப்பு கிடைத்தது. தலைப்புச் செய்திக்கு இது போதும். உள்ளே வாசித்தால், முழுப் பாதுகாப்பு நீடித்தது சராசரியாக 1.9 மணிநேரம்தான் என்று இருக்கிறது. டெங்குக் காலத்தில் இதை வீட்டில் செய்து பார்க்க ஆசை வரும். மனிதத் தோலில் பூசிச் சோதிக்க ஒழுக்கக் குழுவின் அனுமதி வேண்டும், அதனால் பாடசாலை மட்டத்தில் வேண்டாம். போத்தலில் நுளம்பு வளர்த்துப் பார்ப்பதும் வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, ஆய்வு என்று சொல்லிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தப்ப முடியாது.

இரண்டு ஆய்வுகள் முரண்பட்டால் எப்படி வாசிப்பது? நாயுண்ணிக் காய் தின்ற பிள்ளைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதை 1964இல் ஓர் அமெரிக்க மருத்துவ அறிக்கை சொன்னது. அதன்பின் பச்சைக்காய் பிள்ளைகளுக்கு நஞ்சு என்று புத்தகத்துக்குப் புத்தகம் எழுதினார்கள். 2010இல் கலிபோர்னியாவின் நஞ்சுக் கட்டுப்பாட்டுப் பதிவுகளில் நூற்றுக்கணக்கான சம்பவங்களைப் பார்த்தவர்கள், பெரும்பாலான பிள்ளைகளுக்கு எந்த அறிகுறியும் இல்லை என்றார்கள். முதலாவது மருத்துவமனைக்கு வந்த சிலரைப் பற்றியது. இரண்டாவதில் ஒன்றிரண்டைக் கடித்துவிட்டுத் தாய் பயந்து தொலைபேசி எடுத்த பிள்ளைகளும் அடக்கம். இரண்டும் பொய்யல்ல, எண்ணிய கூட்டம் வேறு. கறுத்த பழத்தை நம் சிறுவர்கள் தின்கிறார்கள் என்பதற்காக, பச்சைக்காயும் பரவாயில்லை என்று உங்கள் கட்டுரையில் எழுதிவிடாதீர்கள்.

ஏழாம் படி: அகற்றுவதையும் ஆய்வாக்குங்கள்

உயிரியல் கட்டுப்பாடு பற்றி ஒரு பந்தி எழுதியே ஆக வேண்டும். 1902இல் ஹவாயில் மெக்சிக்கோப் பூச்சிகளை நாயுண்ணிமேல் விட்டதுதான் களையொன்றுக்கு எதிராகத் திட்டமிட்டுப் பூச்சி இறக்கிய ஆரம்பகால முயற்சிகளில் பெரியது. பிற்காலத்தில் உகண்டாவில் விட்ட சாறுண்ணிப் பூச்சி ஒன்று நாயுண்ணியை விட்டு எள்ளுப் பயிரில் ஏறியது. எள்ளு விதைக்கும் நமக்கு இந்தக் கதை தெரிந்திருப்பது நல்லது.

வெட்டினால் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும், எரித்தால் இன்னும் மோசம். தில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிந்துரைத்த முறை எளிது. மண்மட்டத்துக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே மூலவேரை மண்வெட்டியால் அல்லது பிக்காசால் வெட்டி, பற்றையை அப்படியே தூக்கித் தலைகீழாக வைத்துக் காயவிடுவது. தண்டு மண்ணைத் தொட்டால் வேர்விடும் என்பதால்தான் தலைகீழ்.

மூன்றாம் படியில் சட்டம் வைத்த பற்றைகளில் பாதியை இப்படி அகற்றுங்கள், மீதியை விடுங்கள். எதை அகற்றுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். பற்றை காய்ப்பதற்கு முன்னர், புரட்டாதிக்குள் வேலை முடிய வேண்டும். கொண்டைக்குருவியும் மைனாவும் பழத்தைத் தின்று விதையை எங்கெல்லாமோ போட்டுவிடும், மண்ணிலும் பழைய விதை கிடக்கும். ஆகவே மாரி மழை தொடங்கி மூன்று கிழமை கழித்து அதே சட்டத்தை அதே இடத்தில் வைத்து, நாயுண்ணி நாற்றுகளைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் எண்ணுங்கள். நாயுண்ணி நாற்றை எண்ணி முடித்த கையோடு பிடுங்கிவிட்டு, தையிலும் மாசியிலும் திரும்ப எண்ணுங்கள். சட்டத்தின் நான்கு மூலையிலும் கம்பி அடித்து வைத்தால் இடம் தவறாது. மாடு இழுத்துப்போகாத அளவுக்கு ஆழமாக அடியுங்கள்.